எங்கள் பெயருக்கு ஒரு பக்கம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

சிட்டுவின் கல்யாண அறிவிப்பு வந்து சேர்ந்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே நீ எழுதியது என்று தெரிந்தது. உள்ளே உன் கையால் ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் சாவுக்கு வராதவனுக்கு அறிவிப்பு அனுப்பியதே பெரிய மனசு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் மகள் கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் இன்னும் அதே கலைக்களஞ்சிய அலுவலகத்தில்தான் இருக்கிறேன். மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். என் வேலை என்ன என்று நீ முன்பு கேட்டபோது ஏதோ மழுப்பினேன். உண்மையில் அது இதுதான்: ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களைப் பிடித்து ஒரே பக்கத்தில் உட்காரவைப்பது. சட்டம், விளையாட்டு, தாவரம், மருத்துவம் என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பெயர் எழுதிய சீட்டுகள் வரும். மனிதர்கள் முதலில், பிறந்த வரிசைப்படி. அடுத்து இடங்கள். கடைசியில் பொருள்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் என் மேஜையில் அண்ணன் தம்பி மாதிரி அடுத்தடுத்து வந்து நிற்பார்கள்.

இப்போது நம் பெயரின் முறை வந்திருக்கிறது. சொந்தப் பெயருடைய பக்கத்தை அந்தப் பெயர்க்காரன் தொடக்கூடாது என்பது அலுவலக வழக்கம். தலைமைப் பதிப்பாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டேன். நம் பெயரில் யாரெல்லாம் இருக்கிறார்கள் தெரியுமா? நீ பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் தம்பி என்று புளுகிய அந்த நீதிபதி இருக்கிறார். ஜலசந்தியை நீந்திக் கடந்த பெண் இருக்கிறாள். ஒரு வால்நட்சத்திரத்தை வாழ்நாள் முழுக்கத் தேடி, அது வந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒருவர் இருக்கிறார். பிறகு ஒரு மலைக் கணவாய், ஒரு தெரு, யாராலும் திறக்க முடியாது என்று விளம்பரம் செய்து மறுநாளே திறக்கப்பட்ட ஒரு பூட்டு, மணமே இல்லாத ஒரு ரோஜா. இவர்களில் ஒருவருக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மருத்துவப் பகுதியிலிருந்தும் ஒரு சீட்டு வந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். முதலில் நீ பதில் போடு.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் பிரித்தவள் சிட்டு. படித்துவிட்டு வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. எப்படித் தெரியும், நீ கேட்டால்தானே? ஜலசந்தியைக் கடந்தவள் தன் பெரிய பாட்டி என்று இப்போது குளம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். புளுகுவதில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

மாப்பிள்ளை பஸ் பணிமனையில் மின் வேலை பார்க்கிறார். வாயைத் திறந்து பேசவைக்க ஒரு நாள் ஆகும், ஆனால் நல்ல பையன். அவருடைய அப்பா பள்ளி நூலகர். உங்கள் கலைக்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாக வாங்கி, முன்னறையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். சிட்டுவுக்கு அவள் அப்பன் பெயரைப் போடாமல் நம் பெயரைத்தானே போட்டு வளர்த்தேன்; மருமகளின் பெயருக்கு ஒரு பக்கம் வருகிறது என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்று சொந்தக்காரர்களுக்கு எடுத்துக் காட்டப்போகிறாராம். அதனால் அழகாகப் போடு. நீதிபதியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட முடிந்தால் போடு.

அம்மாவின் சாவைப் பற்றி நீயே ஆரம்பித்துவிட்டாய், நான் விடமாட்டேன். அப்பாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர அம்மா சம்மதிக்கவில்லை, நானும் அம்மா பக்கம் நின்றேன். அதற்காக அம்மாவைப் பெட்டியில் வைத்த நாளில் நீ வராமல் இருந்து பழிதீர்த்துக்கொண்டாய். சரி, இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. இனிமேல் அரைத்த மாவையே அரைக்க வேண்டாம்.

நான் அதே மூக்குக்கண்ணாடிக் கடையில்தான். சட்டத்தில் லென்ஸைப் பொருத்தி, கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்கும் வேலை. கொஞ்ச நாளாகத் திருகாணிகள் எல்லாம் தரையில்தான் கிடக்கின்றன. விளக்கு சரியில்லை என்று நான் சொல்கிறேன், கை சரியில்லை என்று முதலாளி சொல்கிறார். கடையைக் கூட்டும் அம்மாள் என்னைக் கண்டாலே முறைக்கிறாள்.

அது என்ன மருத்துவச் சீட்டு? நம் பெயரில் யாராவது டாக்டர் இருக்கிறாரா? அப்பாவைப் பற்றி மட்டும் எதுவும் எழுதிவிடாதே. குடிகாரர்களுக்கென்று ஒரு தொகுதி போடும்போது முதல் பக்கமே அவருக்குக் கொடுத்துவிடலாம்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். பூசி மெழுகாமல் நேராகச் சொல்லிவிடுகிறேன். இதைச் சிட்டு பிரித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

அந்தச் சீட்டில் இருப்பது டாக்டர் இல்லை. ஒரு நோய். நம் குடும்பப் பெயரில் ஒரு நோய் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறங்கும் நரம்பு நோய். நாற்பது வயதை ஒட்டித் தொடங்கும். கையில் பிடித்தது நழுவும். நடை தள்ளாடும். நாக்குக் குழறும். காரணம் இல்லாமல் கோபமும் அழுகையும் வரும். அதற்கு மருந்து இல்லை.

வழக்கமாக இப்படிப்பட்ட நோய்க்குக் கண்டுபிடித்த டாக்டரின் பெயரைத்தான் வைப்பார்கள். இதைக் கண்டுபிடித்த டாக்டர் நோயாளியின் குடும்பப் பெயரை வைத்திருக்கிறார். எந்த நோயாளி என்று பார்க்க, அவர் எழுதிய கட்டுரையை வரவழைத்துப் படித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தூக்கிய சுமையைக் கப்பலின் மேல்தளத்தில் போட்டுவிட்டதற்காக வேலையை இழந்தவர். அவருடைய அப்பாவும் அத்தையும் இதே மாதிரி தள்ளாடித்தான் செத்திருக்கிறார்கள். கடைசி வருடம் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் தனியாக இருந்தவர், வீட்டார் யாரும் வந்து பார்க்காதவர். குடிப்பழக்கம் இல்லாதவர் என்று டாக்டர் எழுதி, அதன் அடியில் கோடும் போட்டிருக்கிறார்.

அப்பாதான், அக்கா. நம் வீட்டிலிருந்து யாராவது பெரிய புத்தகத்தில் வரவேண்டும் என்று சின்ன வயதில் நீ ஆசைப்பட்டாயே, வந்திருப்பது அவர் ஒருவர்தான். அதுவும் அவருடைய சொந்தப் பெயர் இல்லாமல்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதாவது எனக்கும் உனக்கும். உனக்கு இருந்தால் சிட்டுவுக்கும், நாளை அவள் பெறப்போகும் பிள்ளைக்கும். ரத்தத்தைச் சோதித்தே இப்போது சொல்லிவிடுகிறார்கள். உன் திருகாணி விஷயத்தைப் படித்துவிட்டு நான் அன்று வேலைக்கே போகவில்லை. நீ உடனே ஒரு டாக்டரைப் பார். அதைவிட முக்கியம், கல்யாணத்துக்கு முன்னால் சிட்டுவிடம் சொல்லிவிடு. கல்யாணம் வேண்டும், வேண்டாம், பிள்ளை வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள். தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நல்ல சீதனம் அனுப்பினாய். அக்கா மகள் கல்யாணத்துக்கு உலகத்தில் வேறு எந்த மாமாவும் இப்படி ஒன்றைக் கொடுத்திருக்கமாட்டான்.

நான் நம்பவில்லை. அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? அவரா எங்களோடு இருந்தார்? மனிதர் மாடிப்படியில் விழுந்து கிடப்பதையும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், தட்டை வீசுவதையும் பார்த்தவர்கள் நானும் அம்மாவும். நீ அப்போது பொடியன், உன்னைத் தூங்கவைத்துவிட்டுத்தான் எல்லாம் நடக்கும். ஒரு நாள் வாசலில் நிறுத்தி அம்மா கேட்டாள். அவரே, "ஆமா, குடிச்சேன், இப்ப என்ன?" என்றார். இந்தக் காதால் கேட்டேன். குடிக்காதவன் எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? அம்மா அவரை வெளியே போகச் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. செத்துப்போனவளைக் கூண்டில் ஏற்றாதே.

சரி, உன் புத்தகமே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இப்போது என்ன? சிட்டு கல்யாணம் முடிந்ததும் கணவன் பெயரைப் போட்டுக்கொள்ளப்போகிறாள். பதிவு அலுவலகத்தில் கேட்டு வைத்தாயிற்று. நம் பெயரை விட்டுப் போகிறாள், தம்பி. அந்த நோய் நம் பெயரோடு இங்கேயே கிடந்து என்னோடு ஒழியட்டும். அவளை ஏன் அது துரத்த வேண்டும்? ரத்தம் பெயரைப் பார்த்து ஓடாது என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உனக்குப் பிள்ளை இல்லை, உனக்குப் புரியாது.

நம் பெயர்ப் பக்கத்தில் அந்த நோயைச் சொல்லும் வரியை எடுத்துவிடு. பக்கம் நிறைய நீதிபதியும் ரோஜாவும் இருக்கும்போது ஒரு வரி குறைந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சம்பந்தி வீட்டு முன்னறையில் அந்தப் புத்தகம் வந்து உட்காரப்போகிறது. அவர் விருந்தாளிகளுக்கு நடுவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டு வாசிப்பார். கடைசி வரி வரும்போது சிட்டு அங்கே நின்றுகொண்டிருப்பாள். நீ எனக்கு இதுவரை ஒன்றும் செய்ததில்லை. இதைச் செய்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நீ கேட்பது ஒரு வரி இல்லை. அந்த நோயைப் பற்றிய கட்டுரை வேறு தொகுதியில், நரம்பு நோய்களுக்கு நடுவில் எங்கோ புதைந்து கிடக்கிறது. நம் பெயர்ப் பக்கத்தில் இருக்கிற வரிதான் அங்கே போக வழி. அதை எடுத்துவிட்டால் நம் பெயரை வைத்துத் தேடுகிற யாருக்கும் அது கிடைக்காது. இத்தனை வருடத்தில் நான் ஒரு சீட்டைக்கூட வேண்டுமென்று தொலைத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, என்னிடம் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் ரத்தம் கொடுத்திருந்தேன், போன வாரம் முடிவு வந்தது. எனக்கு இல்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. நீ என்ன சொல்வாய் என்று தெரியும்: கரையில் நின்றுகொண்டு நீந்தச் சொல்லிக் கொடுக்கிறான் என்பாய். சொல். நான் வாங்கிக்கொள்கிறேன்.

சிட்டுவிடம் நீ சொல்வதாக இருந்தால் வரியை எடுக்கிறேன். யாரோ சபையில் வாசித்து அவள் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் கேட்பது மேல். கல்யாணத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். பக்கம் ஏப்ரல் நடுவில் அச்சுக்குப் போகிறது.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

உனக்கு இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. உண்மையாகவே மகிழ்ச்சிதான். எழுதும்போது கை கோணுகிறது, அதனால் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே.

சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். அக்கா வார்த்தை மேல் உனக்கு நம்பிக்கை இருந்தால் அந்த வரியை எடு.

நீ கல்யாணத்துக்கு வரவேண்டாம். உன் முகத்தில் எல்லாமே எழுதி ஒட்டியிருக்கும். சிட்டு கேட்டால், மாமாவுக்கு அச்சு வேலை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

எடுத்துவிட்டேன். ஒரு வரி போனதும் பத்தி குட்டையாகிவிட்டது. அதை நிரப்ப, ரோஜாவைப் பற்றி இன்னொரு வரி சேர்த்தேன்: வேலி ஓரங்களில் நன்றாகப் படரும், முட்கள் குறைவு. அது உண்மையா என்று தாவரப் பகுதியில் கேட்கக்கூட இல்லை. பக்கம் கீழ்த்தளத்துக்கு, அச்சு யந்திரத்துக்குப் போய்விட்டது. இனி அது என் கையில் இல்லை.

மிச்சம் உன் கையில் இருக்கிறது. சொன்னதும் ஒரு வரி எழுதிப் போடு.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

கல்யாணம் முடிந்தது. நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

நான் சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்திருப்பேன். அவள் ஈரத் தலையோடு குளத்திலிருந்து வந்து, புது வீட்டுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்பாள். திரையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

கல்யாண மண்டபத்தில் நடந்ததைக் கேள். சம்பந்தி புத்தகத்தை எடுத்து வந்து, சொன்னபடியே வாசித்தார். நீதிபதிக்குக் கை தட்டினார்கள். நீந்தியவள் வந்தபோது சிட்டு எழுந்து குனிந்து வணக்கம் வேறு சொன்னாள். ரோஜா வரை எல்லாம் நன்றாக முடிந்தது. எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பழரசத் தட்டை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். நாலு அடி வைத்திருப்பேன். கால் எங்கோ போயிற்று, தட்டு எங்கோ போயிற்று. அத்தனை கண்ணாடித் தம்ளரும் மாப்பிள்ளை வீட்டார் காலடியில் உடைந்து கிடந்தன. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன், வார்த்தை கொழகொழவென்று வந்தது. சம்பந்தி அம்மாள் தன் தங்கையின் காதில் என்னவோ சொன்னாள். அது என்ன என்று எனக்குத் தெரியாதா? அந்தக் குசுகுசுப்பை நான் எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்.

சிட்டு என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். குரலைத் தாழ்த்தி, "அம்மா, குடிச்சிருக்கியா?" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் பிறகு என்ன என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அவள் கல்யாண நாளில். "ஆமாம்மா, கொஞ்சம்," என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு இங்கே வரவே இல்லை.

அப்பாவும் வாசலில் நின்று இப்படித்தான் ஒத்துக்கொண்டாரோ? தனக்கு என்னவென்றே தெரியாத ஒரு மனிதன், கேட்கிறவர்கள் வாயை அடைக்க எது கைக்கு அகப்பட்டதோ அதைச் சொல்லிவிட்டானோ? எனக்குத் தெரிந்தும் நான் சொன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன்னை நம்பி என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு உண்மையை மறைத்தேன். நீ அதன் மேல் ஒரு பொய்யை வேறு ஏற்றி வைத்திருக்கிறாய். இப்போது உன் மகளுக்கு அவள் தாய் ஒரு குடிகாரி. சம்பந்தி வீட்டுக்கும் அதேதான். இதைத்தான் நீ காப்பாற்றினாயா?

இங்கேயும் விஷயம் வெளியே வந்துவிட்டது. தங்கள் சீட்டு எங்கே போயிற்று என்று மருத்துவப் பகுதியிலிருந்து கேட்டார்கள். நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். தலைமைப் பதிப்பாசிரியர் திட்டவில்லை. சொந்தப் பெயரை ஏன் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறோம், இப்போது புரிகிறதா என்று மட்டும் கேட்டார். பெயர்ப் பக்கங்களை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் எழுத்துப் பிழை பார்க்கும் மேஜையில் இருக்கிறேன். எடுத்த வரி பிற்சேர்க்கையில் வரும். பிற்சேர்க்கை வர இன்னும் சில வருடங்கள் ஆகும்.

சிட்டுவுக்கு நானே எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. பார்த்தே இராத மாமா ஒருவன், உன் அம்மாவுக்குத் தீராத நோய், உனக்கும் வரலாம் என்று தபாலில் எழுதினால் அது எப்படி இருக்கும்? நீதான் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு பிள்ளையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சொல்.

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது, புறப்பட்டு வருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

டாக்டரைப் பார்த்தேன். அதேதான். அவர் அந்த நோயின் பெயரைச் சொன்னபோது, என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து "ம்" என்றேன்.

கடையில் நிறுத்திவிட்டார்கள். முதலாளி நல்லவர்தான், வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றார். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று சிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. வாசலிலேயே நின்றுகொண்டு, குளத்து வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தப்போவதாகச் சொன்னாள். ஏன் என்றேன். வயிற்றில் கையை வைத்தாள். பிள்ளை பிறந்தபிறகு நான் குடித்துவிட்டு அதைத் தூக்கக்கூடாதாம், அதைச் சொல்லத்தான் வந்தாளாம். சரிம்மா என்றேன்.

பிந்திவிட்டது, தம்பி. நீ சொன்ன எல்லாவற்றுக்கும் பிந்திவிட்டது. இனிமேல் சொன்னால் அவளுக்கு அதனால் என்ன பயன்? சொல்லாவிட்டால் பயம் எனக்கு மட்டும். சொன்னால் பத்து மாதமும் அவள் பயந்து சாவாள்.

நீ வராதே. நீ வந்தால் நான் உடைந்துபோவேன்.

அக்கா


செப்டம்பர் 7

அக்கா,

பயன் என்ன என்று கேட்கிறாய். அப்பா வார்டில் கிடந்தபோது, அது குடி இல்லை, நோய் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் நீ போய்ப் பார்த்திருப்பாயா இல்லையா? எனக்கு உன்னைத் தெரியும். கிழமை தவறாமல் போயிருப்பாய். தலை வாரிவிட்டிருப்பாய், நர்ஸுகளோடு சண்டை போட்டிருப்பாய். அந்தப் பயன்தான். அதை உன் மகளுக்கு இல்லாமல் செய்யாதே.

பிள்ளை விஷயத்தில் என்ன செய்வது என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். அவள் இடத்தில் நாம் இருவரும் உட்கார்ந்து தீர்மானித்தது போதும்.

மருத்துவத் தொகுதியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்டுரை வரும் பக்கத்தில் நூல் வைத்திருக்கிறேன்.

தம்பி


அக்டோபர் 8

தம்பிக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, பேனா மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது சிட்டு.

உன் பார்சல் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மருந்து வாங்கப் போனவள் திரும்பும்போது மார்க்கெட் படிக்கட்டில் விழுந்துவிட்டேன். யாரோ சிட்டுவுக்குப் போன் செய்திருக்கிறார்கள். வந்தாள். நாலு பேர் பார்க்க, "வாயை ஊதும்மா," என்றாள். ஊதினேன். மறுபடி ஊதச் சொன்னாள். பிறகு அப்படியே படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அன்னிக்கு ஏன் குடிச்சேன்னு சொன்னே?" என்றாள். அங்கே, காய்கறிக்காரிகளுக்கு நடுவில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா, நீ, அந்த வரி, எல்லாம். "எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?" என்று மட்டும் அவள் கேட்டாள். மார்ச்சிலிருந்து என்றேன். "அப்ப நான் திரை வாங்கிட்டிருந்தேன்," என்றாள்.

மாப்பிள்ளையிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவர் அவள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. சம்பந்திதான் அலமாரியைத் திறந்து நம் பெயர்ப் பக்கத்தை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாராம். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா," என்றாராம். குடிக்கு ஒரு பெரிய பெயரை வைத்து நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று சம்பந்தி அம்மாள் சொன்னாளாம். நீ அனுப்பிய தொகுதியைச் சிட்டு தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். காட்டியதும் நம்பினார்கள். நம்பியதிலிருந்து இன்னும் குறைவாகப் பேசுகிறார்கள்.

ரத்தம் கொடுத்துவிட்டாள். முடிவை வாங்கப் போகவில்லை. பிள்ளையை வைத்துக்கொள்கிறாள். அது சரியா தப்பா என்று நான் வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்காதே. பிள்ளைக்கு மாப்பிள்ளையின் பெயரைப் போடாமல் நம் குடும்பப் பெயரைத்தான் போடப்போகிறாளாம். எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டேன். "அது வளந்து தேடினா, கிடைக்கணும்," என்றாள். உன் பிற்சேர்க்கை எப்போது வரும் என்று கேட்கச் சொல்கிறாள். அதில் தாத்தாவின் சொந்தப் பெயரையும் போட முடியுமா என்றும் கேட்கச் சொல்கிறாள்.

நீ வா. இனி வரலாம்.

அக்கா

மாமா, இது சிட்டு. அம்மா இப்போதுதான் களைத்துப்போய்க் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். "நீ வா" என்பதற்கு முன்னால் இன்னும் ஒரு வரி சொன்னாள்: சிட்டு என்னை மன்னித்துவிட்டாள் என்று. அதை நான் எழுதவில்லை. நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. எழுதியாச்சா என்று கேட்டாள். எழுதியாச்சு என்று சொன்னேன். அந்த வரி இருக்கிறதா என்று கடிதத்தை வாங்கிப் படித்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டவே இல்லை.